மணிமொழிக்கு, ஐகான் இடம் மாறும் விஷயமாக

அன்பு மகள் மணிமொழிக்கு, வெள்ளிமலையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், புனேயில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். சுகம் என்று எழுதியதில் முக்கால் பாகம்தான் உண்மை, மீதிக் கால் பாகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன், எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்காதே, காரணம் கீழே வருகிறது. உன் மாமா சின்னராசு கொல்லையில் சாமை விதைத்துவிட்டார், மழை பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி.

சான்று, விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற நம் ஆன்லைன் கடைக் கம்ப்யூட்டரில் ஐகான்கள் தானாக இடம் மாறுகின்றன என்று நாலு மாதமாக உன்னைப் பாடாய்ப் படுத்தினேன். நீ வந்திருந்தபோது வலது பக்கம் மேலே சாதிச் சான்று, அதற்குக் கீழே வருமானச் சான்று, கடைசியில் காலேஜ் விண்ணப்பம் என்று அழகாக அடுக்கிக் கொடுத்தாய். அம்மா அஞ்சறைப் பெட்டியில் கை விடுகிற மாதிரி நானும் பேரைப் படிக்காமல் இடத்தை வைத்தே வேலை பார்ப்பேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீ ஆபீஸ் வேலைக்கு நடுவில் அங்கிருந்தே நெட் வழியாக மூன்று தடவை இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து, தானாக அடுக்கும் டிக்கை எடுத்தாய், வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாய். இவ்வளவு படித்து நீ வேலை பார்க்கிற லட்சணம் இதுதானா என்று நான் கேட்டேன், நீ போனை வைத்துவிட்டாய். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போன புதன்கிழமை மத்தியானம் கரியாலூர் வெள்ளையன் தன் மகள் தனுஷாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவளுக்கு நர்சிங் காலேஜ் விண்ணப்பம் போட்டது நான்தான். திரையில் அவள் சாதிச் சான்று இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்ற, ராஜேஷ் என்கிற வேறொரு பையனின் சான்றை இழுத்துப் போட்டிருக்கிறேன், விண்ணப்பம் திரும்பிவிட்டது. திருத்துவதற்கு அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு, விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. நெட் வேறு போய்விட்டது, திரும்பி வரும்போது மணி நாலரை. ஐகான் தானாக இடம் மாறிவிட்டது என்று கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டேன். கம்ப்யூட்டர் பண்ணதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்கண்ணா, இப்ப சரியா போட்டுடுங்க என்றார் வெள்ளையன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவசரத்தில், யாரும் இல்லாதபோது மட்டும் செய்கிற காரியத்தை அவர்கள் எதிரிலேயே செய்துவிட்டேன். திரையில் எழுத்தைப் பெரிதாக்கினேன். அடுக்கியிருந்த ஐகான் மொத்தமும் இடம் மாறியது. தனுஷா மெதுவாகச் சொன்னாள், சார், அதுங்க தானா ஒண்ணும் மாறல, நீங்க எழுத்த பெருசு பண்ணா தான் மாறுதுங்க என்று. தினமும் காலையில் பெரிதாக்கி வேலை பார்ப்பேன், யாராவது படியேறினால் பழையபடி சின்னதாக்கிவிடுவேன். நீ உள்ளே வருவதாகச் சொன்னாலும் முதலில் சின்னதாக்குவேன், அப்புறம் உனக்கு எப்படித் தெரியும். ராஜாங்கத்துக்குக் கண் தெரியவில்லை என்று பேச்சு கிளம்பினால் யார் சான்றை நம்பிக் கொடுப்பார்கள் என்ற பயம். எழுத்தைப் பெரிதாக்குவதற்கும் ஐகான் மாறுவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தோன்ற விடவில்லை என்பதுதான் சரி. தனுஷா பேர்களைப் படிக்கப் படிக்க நான் ஏற்றினேன், ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

தனுஷா அதைச் சொன்னபோது அம்மா கடைக்குள்ளேயே முதுகைக் காட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள், பாதியில் மிஷின் சத்தம் நின்றது. அவர்கள் போன பிறகு எத்தினி மாசமா என்று மட்டும் கேட்டாள். நாலு என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டதாம். இடது கண்ணில் போனது போனதுதான், வலது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றலாம், முன்னாலேயே வந்திருக்கக்கூடாதா என்றார் டாக்டர். லேசருக்குப் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

அதனால் நீ வாங்கி அனுப்புவதாகச் சொன்ன புதுக் கம்ப்யூட்டரை அனுப்பாதே. பழையதில் குறை இல்லை, உன் வேலையிலும் குறை இல்லை, குறை என்னிடம்தான், உன்னைத் திட்டியதற்கு அப்பாவை மன்னித்துவிடு. இப்போது எழுத்தைப் பெரிதாகவே விட்டுவிட்டேன், அம்மா மறுபடி அடுக்கி வைத்தாள், ஒன்றுகூட அசையவில்லை. ஏற்றுவதற்கு முன் பேரைச் சத்தமாகப் படித்து, வந்தவர்களை ஆமாம் சொல்லச் சொல்கிறேன், இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. நீயும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள், நம் குடும்பத்தில் இருக்கிற வியாதி, மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டுதல்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போதெல்லாம் இளைச்சிட்டியே என்று சொல்வேன், இல்லப்பா, வெயிட் ஜாஸ்திதான் ஆயிருக்கு என்பாய். அது பார்த்துச் சொன்னது இல்லையம்மா. நாலு மாதமாக உன் முகம் எனக்குத் தெரியவில்லை. பதினெட்டாம் தேதிக்குள் லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. கிடைக்காவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை லைட்டைப் போட்டுக்கொண்டு, போனை நன்றாகக் கிட்டே வைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திரு.

உன் அப்பா,
ராஜாங்கம்