எனக்காக எழில் சொன்ன சம்மதம்

கொடுமுடி
31.8.2025

அன்புள்ள எழிலுக்கு,

நீ அனுப்பிய கவர் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் தேங்காய்க் களத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். கொப்பரை தோண்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும், "ஏனுங்க, பொற்கொடிக்குக் கடுதாசியா? இந்தக் காலத்துலயா?" என்று சிரித்தார்கள். கவரைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வேலை செய்தேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். அப்படி இல்லாவிட்டாலும், போனில் நீ பேசுவாய், நான் "ம்" போடுவேன். காகிதத்தில்தான் எனக்கு ஒரு வாக்கியம் முழுசாக முடிகிறது.

செமினாருக்காக நீ தமிழாக்கி எழுதியிருந்த எட்டுப் பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். முந்நூற்று எழுபது வருசத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்காரர் ஒருவர் எழுதியது என்கிறாய். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா பார். அரசாங்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் ஒருவரைக் கண்டு ஒருவர் பயந்தே சாக வேண்டியதுதான். அதனால் எல்லோரும் கூடிப் பேசி, தங்கள் உரிமையை ஒரே ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவர் சொல்வதெல்லாம் அவர்களே சொன்ன மாதிரி.

மதியச் சோற்று நேரத்தில் மயிலாத்தாள் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அட, நம்ம மேஸ்திரி மாதிரின்னு சொல்லு புள்ள. நம்மளக் கேக்காமயே மொதலாளிகிட்டப் போயி, 'அவிங்களுக்கெல்லாம் சம்மதந்தானுங்க'ன்னு சொல்லிப்போட்டு வருவாரு. அப்பறம் ஞாயித்துக்கெழமையும் வேலைதான்" என்றார்கள். அந்த அக்கா எட்டுப் பக்கமும் படிக்கவில்லை பார்.

கடைசிப் பக்கத்தில் நீ ஒட்டியிருந்த அந்தப் புத்தகத்தின் அட்டைப் படத்தைத்தான் நிறைய நேரம் பார்த்தேன். மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கும் ராஜா. அவர் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி ஆட்கள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் இருக்கிறார்கள், மார்பில் இருக்கிறார்கள். தலையில் மட்டும் ஒருத்தரும் இல்லை. வாய் அவருடையது மட்டும்தான். பக்கத்தில் நின்று, "ஐயா, நான் சொல்லச் சொன்னது இது இல்லீங்க" என்று சொல்வதற்கு அங்கே ஆள் கிடையாது.

அப்படி அவர் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? பார்த்து எழுது.

இன்று உங்கள் வீட்டுக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். இடது கையைக் கொஞ்சம் தூக்குகிறார்கள். பேச்சு இன்னும் குழறல்தான். உன் சித்தி தை வரைக்கும்தான் கூட இருக்க முடியும் என்கிறார்கள்.

அன்புடன்
பொற்கொடி


கோயம்புத்தூர்
7.9.2025

என் கொடிக் கண்ணுக்கு,

இல்லை, உன்னை இனிமேல் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சித்தி போனிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நங்கையா அவர்களே, நலமா?

செமினார் முடிந்தது! வாயைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதை அப்படியே சொன்னேன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை எங்கம்மா படிச்சே?" என்று கேட்டார்கள். நானே யோசித்ததாகச் சொல்லிப்போட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கொப்பரைக் களத்திலிருந்து வந்தது என்று சொன்னால் ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரு மாதத்துக்கு ஓட்டுவார்கள். ஏற்கெனவே நவ்யா என் பேச்சைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்கா போறே?" என்று தினமும் கிண்டல் செய்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில், இடம் இல்லை. ஒருமுறை கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அவர் என்ன செய்தாலும் அதற்குச் சொந்தக்காரர் நீதான். உன் செயலை நீயே குறை சொல்ல முடியாது அல்லவா? பயந்துபோய்க் கொடுத்த வாக்காக இருந்தாலும் செல்லும் என்கிறார் மனுசன். கல்நெஞ்சம்.

சனிக்கிழமை காந்திபுரம் போய் உனக்கு ஒரு சேலை பார்த்துவைத்தேன். மயில் கழுத்து நிறம். டவுன் பஸ்ஸில் நசுங்கித் திரும்பி வரும்போது முழுக்க உன் நினைப்புதான். அம்மாவை நீ பார்த்துக்கொள்வாய் என்பதே எனக்குப் பாதிப் பரீட்சை எழுதின மாதிரி.

உன்
எழில்


கொடுமுடி
21.9.2025

அன்புள்ள எழிலுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நங்கையா என்று கூப்பிடாதே. கொடி என்றே கூப்பிடு.

ஆடிப் பெருக்கன்று படித்துறையில் உன்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? அம்மா முதுகெலும்பு ஒடிந்து படுத்ததால் ஒன்பதாவதோடு நின்றவள் நான். இப்போது அம்மா நடக்கிறார்கள். பத்தாவதைத் தனியாக எழுதப் போகிறேன், செல்வன் மாமா நல்லவர்தான், ஆனால் கல்யாணம் இப்போது வேண்டாம், இரண்டு வருசம் போகட்டும் என்று சொல்லச் சொன்னேன். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன் கண்ணு" என்றாய்.

வெத்தலை மாற்றுகிற அன்று பெண்ணிடம் நேராகக் கேட்பது நம் பக்கத்தில் வழக்கம் இல்லை. பக்கத்தில் உட்காரும் தோழியிடம்தான் பெரியவர் கேட்பார். மாப்பிள்ளையின் தங்கச்சி பெண்ணுக்குத் தோழியாக உட்காரக் கூடாது என்று மயிலாத்தாள் அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். நான்தான் எழிலே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் பிடித்த ஒரே பிடிவாதம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் நீதானே சொன்னாய்? கடையில் மிச்சச் சில்லறை கேட்டது நீ. அன்றும் நீயே சொல்லுவாய் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"புள்ளைக்குச் சம்மதமா?" என்று கேட்டார் பெரியவர். "சம்மதந்தானுங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். குலவை போட்டார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

ஏன் அப்போதே எழுந்து சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். சொல்லத் தெரிந்திருந்தால் உன்னை ஏன் பக்கத்தில் உட்காரவைத்தேன்?

உன் எட்டுப் பக்கத்தைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். ஜனங்கள் பயத்தினால் கொடுக்கிறார்கள் என்று அந்த மனுசர் எழுதுகிறார். அவருக்குக் கூச்சப்படுகிற பெண் பிள்ளை யாரையும் தெரியாது போல. நான் பயந்து கொடுக்கவில்லை எழில். பிரியத்தில் கொடுத்தேன். பயந்து கொடுத்தவன் ராஜாவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். பிரியத்தில் கொடுத்தவள் குனிந்த தலையை நிமிர்த்தக்கூட மாட்டாள். அதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். மேடத்திடம் இதையும் சொல்வதாக இருந்தால் என் பேரைச் சொல்லு.

மார்கழியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. தையில் முகூர்த்தம் என்கிறார்கள். தீபாவளிக்கு வா. வந்து நீயே அப்பாவிடம், அன்று சொன்னது கொடியின் வார்த்தை இல்லை என்று சொல்லிவிடு. உன் வாயால் போனது உன் வாயாலேயே திரும்பட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

பொற்கொடி


கோயம்புத்தூர்
5.10.2025

கொடி,

மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுத முடியவில்லை. மறக்கவில்லை. பெரியவர் கேட்டபோது நீ சொன்னது என் நாக்கில்தான் இருந்தது. எதிரே பாயில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வாயோரம் வழிந்ததைத் துடைக்க ஆள் இல்லை. அண்ணன் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் போனால் வருவதற்கு மூன்று மாசம். சித்தி போய்விட்டால் யார்? நான்தான் வர வேண்டும். எங்கள் தெருவிலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்க வந்தவள் நான் ஒருத்திதான் கொடி. இன்னும் ஒன்றரை வருசம்.

நீ வந்தால் நான் இங்கே இருக்கலாம். அந்த ஒரு நொடியில் அவ்வளவுதான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் நீ பரீட்சை எழுது. அண்ணனிடம் நான் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் மாமாவிடம் வந்து நீ கேட்டதைச் சொல்ல என்னால் முடியாது. தீபாவளிக்கு வரவில்லை. இன்டர்னல் பரீட்சை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பரீட்சை எதுவும் இல்லை.

எழில்


கொடுமுடி
26.10.2025

எழிலுக்கு,

நானே சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள். செல்வன் மாமா அத்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கும் மைசூர்பா வாங்கி வந்திருந்தார். அப்பாவும் அவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, அன்னிக்கு எழில் சொன்னது நான் சொல்லச் சொன்னது இல்லீங்க."

"எதை அம்மணி?"

"சம்மதம்னு சொன்னதுங்க."

உள்ளேயிருந்து அம்மா, "ஊரே வெத்தலை போட்டுத் துப்பியாச்சு, இப்பத்தான் இவளுக்கு வாய் வந்துருக்குது!" என்றார்கள்.

செல்வன் மாமா மெதுவாகத்தான் கேட்டார். "என்னையப் புடிக்கலையா கொடி?"

"உங்க மேல ஒண்ணுமில்லீங்க மாமா. நான் பத்தாவது எழுதோணுங்க. இப்ப வேண்டாமுங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியனுப்பினேனுங்க."

யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். காபி பாதி அப்படியே இருந்தது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா தாம்பாளத்தையே தொட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதில் நீயும் இருக்கிறாய், என்ன செய்வேன்?

அப்பா என்னைத் திட்டவில்லை. "எந்தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் சொன்னார். ஐந்து நாளாக அவர் உங்கள் தெரு வழியாகப் போகாமல் வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் பழையபடி எல்லோருக்கும் எல்லோருடனும் சண்டைதான் என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததே, அது சரிதான். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் இரண்டு வீட்டையும் வந்து பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது.

பொற்கொடி


கொடுமுடி
11.1.2026
(மயிலாத்தாள் அக்கா கையில்)

அன்புள்ள எழிலுக்கு,

பக்கத்துத் தெருவில் இருப்பவளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று அக்கா சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

கல்யாணப் பேச்சு நின்றதும் உன் சித்தி தைக்கு முன்னாலேயே கிளம்பிவிட, நீ கல்லூரியை விட்டுவிட்டுப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் களத்திலிருந்தே பார்த்தேன். ஓடி வந்து பெட்டியைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை. அன்று இரண்டு மூட்டைக் காய் உடைத்தேன். கை கிழிந்ததுகூடத் தெரியவில்லை.

நான் அப்பாவிடம் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் என் பரீட்சைக்கு மனு ஏற்றுக்கொண்டதாகச் சேதி வந்த அன்று, நீ உங்கள் வாசலில் அத்தையின் பாயை அலசிக்கொண்டிருந்தாய். என்னால் சந்தோசப்பட முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. முன்பு என்றால் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

ஒன்றரை மாசமாகக் காலையில் ஆறரைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வேண்டாம் என்று அப்பா சொல்லியும் வருகிறேன். நீ கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறாய். நான் அத்தையைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டுக் களத்துக்குப் போகிறேன். நேற்று அத்தை குழறிக் குழறிக் கேட்டார்கள், "ஏன் கண்ணு, ரெண்டு பேருக்கும் வாயில்லையா?" என்று. நீ பின்பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். சத்தம் நின்றது. கேட்டிருப்பாய்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் நானே பேசிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் எனக்கு அரை நாள் வேலை போதும் என்றேன். மதியத்துக்கு மேல் அத்தையோடு நான் இருக்கலாம். நீ தபால் வழியிலோ பக்கத்து ஊரிலோ மிச்சப் படிப்பை முடிக்கலாம். இது நான் யோசித்தது. உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. உனக்கு வேண்டியதை நானே முடிவு செய்து ஊருக்குச் சொல்ல மாட்டேன்.

நீ பேசாமல் இருப்பதற்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். "கதவைத் தெறக்கறா இல்ல, கோபம் போயிருச்சுன்னு அர்த்தம்" என்கிறார்கள் அம்மா. "உன்னையத் தலை முழுகிப்போட்டா, நீயுந்தான் வெக்கமில்லாமப் போறே" என்கிறார்கள் மயிலாத்தாள் அக்கா. இரண்டையும் கேட்டுக்கொண்டேன். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டாய் என்றும் வைத்துக்கொள்ள மாட்டேன், வெறுத்துவிட்டாய் என்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். நீ சொல்லாததை நீ சொன்னதாக நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை. அது என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எதுவாக இருந்தாலும்.

நாளைக் காலையிலும் வாரேன்.

பொற்கொடி