இல்லாத பையனுக்கு வாங்கிய வண்டி

சேசு மரி சூசை துணை

பெருமாள்மலை

அன்பு மகள் ஆக்ஸிலியாவுக்கு அப்பா ஆசீரோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கே நாலு நாளாக விடாத சாரல், பீன்ஸ் பூவெல்லாம் கொட்டிவிட்டது. கடிதம் எதற்கு, போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரியுமே, அதற்குப் பயந்துதான் லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி நர்ஸ் ஸ்வேதாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வேலையை விட்டு ஊரோடு வருகிறேன், கூக்கால் ஏரிப் பக்கத்து மண்பாதையில் ஓட்ட ஒரு வண்டி பார்த்து வையுங்கள் என்றாய். மொத வண்டிப்பா, பெருசு வேணாம், கனம் கம்மியா ரெண்டு காலும் தரையில முழுசா ஊன்றாப்ல பாருங்க, சேத்துல விழுந்தா நானே தூக்கி நிறுத்தணும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். உன் பழைய சுடிதார் பேண்டை விரித்து அம்மா கால் உயரத்துக்கு நூல் அளந்து தந்தாள். வத்தலக்குண்டில் பழைய பைக் விற்கும் கடைக்குப் போனேன். நீ சொன்ன மாதிரியே ஒன்று, பச்சை நிறம், தாழ்வான சீட்டு, வாசலிலேயே நின்றது. கடைக்காரர் செல்வமுருகன் ஆருக்குண்ணே என்று கேட்டார். அங்கே ஐந்தாறு ஆம்பளைகள் நின்றார்கள். வேலைக்குப் போக என்றால்கூடச் சொல்லியிருப்பேன், பொம்பளப் பிள்ளை சும்மா ஆசைக்கு மலையில் ஓட்டப்போகிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் பையனுக்கு என்றேன். ஒரே பிள்ளை நீ, உனக்கு இல்லாத அண்ணனை அங்கே பெற்றுவிட்டேன். பையன் நல்ல ஒசரமோ என்றார், ஆமாம் ஆறடி என்று அதற்கும் மேலே போனேன். பிறகு நூலை எப்படி வெளியே எடுப்பது? அவர் காட்டிய ஒட்டகம் மாதிரி வண்டியையே எடுத்தேன், கடை ஆள் ஓட்டிவந்து வீட்டில் விட்டுப் போனான்.

ஞாயிறு பூசை முடிந்து வண்டியை ஆள் வைத்துத் தள்ளி வந்து, மந்திரிக்கக் கோயில் வாசலில் நிறுத்தினோம். ஓட்டுகிறவர் பேரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் அல்லவா, யார் பேர் என்று பங்குச்சாமியார் கேட்டார். சனம் பூராவும் சுற்றி நிற்கிறது. உபகாரம் என்று என் பேரையே சொல்லிவிட்டேன். முட்டி தேய்ந்து, பஸ் படியேறவே ஆள் பிடிக்கிற எனக்கு! தீர்த்தமும் தெளித்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, மஸ்கட்டுல நர்சுன்னா எம்மக எம்மகன்னு பீத்துற வாயிதானே, புள்ள உசுரு போய் வர்ற வண்டிக்கு அவ பேரச் சொல்ல மட்டும் வெக்கமாக்கும் என்றாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, தாயி.

மறுநாள் வெள்ளனே கடைக்குப் போய், எனக்குப் பையனே கிடையாது, மகளுக்குத்தான் வாங்கினேன் என்று ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பச்சையக் குடுத்திருப்பேனேண்ணே, சனிக்கெழம போயிருச்சு என்றார் செல்வமுருகன். நல்ல மனுசன், ஆள் அனுப்பி ஒட்டகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆக, நீ வரும்போது வீட்டில் வண்டி இருக்காது. என் வெட்கத்தால் உன் வண்டி போச்சு, அப்பாவை மன்னித்துவிடு. நீயே வந்து ஏறி உட்கார்ந்து பார்த்து எடு, நானும் கூட வருகிறேன். மந்திரிக்கிற அன்று உன் பேரை நான்தான் சொல்வேன், அம்மாவை முந்த விடாதே.

மாதாவும் சூசையப்பரும் உனக்கு வழித்துணை இருக்கட்டும். நல்ல ஹெல்மெட் ஒன்று அங்கேயே வாங்கி வா, மறந்துவிடாதே.

உனக்கு மட்டுமே அப்பாவாகிய
உபகாரம்