டிரான்ஸ்ஃபர் எனக்குத்தான்

சான்டா கிளாரா
மே 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வான்மதி வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா சாயங்கால நடையை விட்டுவிடவில்லையே? மின்வாரியத்தில் இருந்தவரை கம்பத்துக்குக் கம்பம் நடந்தவர், ஓய்வு பெற்றதும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார் என்று நீங்கள் சொன்னதை நினைத்து இங்கே தனியாகச் சிரித்தேன்.

பக்கத்துக் கட்டிடத்து ரோஷினியின் அப்பா கோபாலசாமி அங்கிள் வியாழக்கிழமை கோயம்புத்தூர் திரும்புகிறார். உடுமலைப்பேட்டைக்கு ஆள் போகும்போது கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. அதோடு, சொல்ல வேண்டியதை நான் போனில்தான் சொன்னேன். அது வேறாகப் போய் விழுந்துவிட்டது.

அம்மா, டிரான்ஸ்ஃபர் அவருக்கு இல்லை. எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது இவ்வளவுதான்: "டிரான்ஸ்ஃபர் கிடைச்சிருச்சும்மா, டேவிஸ்ங்கற ஊருக்கு." உடனே நீங்கள் அப்பா பக்கம் திரும்பி, "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு டிரான்ஸ்பராமுங்க" என்றது கேட்டது. பிறகு, எப்போது போகோணும் கண்ணு, சாமானெல்லாம் யார் கட்டுவது, சம்பளம் கூட்டித் தருவார்களா என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். செப்டம்பரில் என்று மட்டும் சொன்னேன். உங்கள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு நாளாகியிருந்தது. அது எனக்காக இல்லை என்று தெரிந்தும், கொஞ்ச நேரம் நானே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் கம்யூனிட்டி என்றால் சாதிச் சான்றிதழ் நினைவுக்கு வரும். அது இல்லை. எந்த வயதிலும் யாரும் சேரலாம். இரண்டு வருஷத்துப் பாடங்களை அங்கே முடித்தால், பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைப் பார்த்து நேராக மூன்றாம் வருஷத்தில் எடுத்துக்கொள்ளும். அதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். நான் சும்மா ஏதோ கிளாஸுக்குப் போகிறேன் என்று மூன்று வருஷமாக உங்களிடம் சொல்லி வந்தது இந்தக் காலேஜுக்குத்தான்.

சும்மா என்று நான் சொன்னதும் முழுப் பொய் இல்லை. சேரும்போது நிரப்புகிற படிவத்தில், உன் படிப்பின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வரும். கீழே ஏழெட்டு பதில்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலைக்காகவா, சான்றிதழுக்கா, பட்டத்துக்கா, பல்கலைக்கழகம் போகவா என்று. அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். அந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். "பர்சனல் இன்ட்ரஸ்ட்னு போட்டுடறேன், டென்ஷன் இல்லாம படி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்படியாக ஒன்றரை வருஷம் நான் சொந்த ஆர்வத்துக்காகப் படிக்கிறவளாக இருந்தேன். ரோஷினி வீட்டுப் பிறந்த நாளில் ஆன்ட்டிகள் என்ன பண்றே என்று கேட்டால், சும்மாதான் ஆன்ட்டி என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் காலேஜில் பாடம் தேர்ந்தெடுக்க உதவுகிற அதிகாரியைப் பார்க்கப் போனேன். என் மதிப்பெண்களையும் அந்தப் பதிலையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பதில் இன்னும் சரிதானா என்று கேட்டார். ரொட்டி இன்னொன்று வேண்டுமா என்று கேட்பது போல் சாதாரணமாகத்தான் கேட்டார். பல்கலைக்கழகம், தாவரவியல், என்றேன். அவர் கணினியில் ஒரு தடவை தட்டியதும் பதில் மாறிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

ஏன் தாவரவியல் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே தாவரவியல் இரண்டாம் வருஷம் பாதியில் கல்யாணம் வந்தபோது காலேஜுக்கு வந்து டி.சி. வாங்கியது நீங்களும் அப்பாவும்தான். அமெரிக்கா போய்ப் படிச்சுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பியவள் நான் ஒருத்திதான் என்று இங்கே வந்த பிறகு புரிந்தது. இதைக் குறையாக எழுதவில்லை அம்மா. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் எங்கள் அபார்ட்மென்ட்டின் துணி துவைக்கும் அறையில் இருந்தேன். அங்கே ஒரு சீனப் பெரியவர் அகலமான போர்வை ஒன்றைத் தனியாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் எட்டிப் போய், கிட்ட வந்து, மடித்து முடித்தோம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நன்றி சொல்வதாக நினைத்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். முதலில் சொன்னது அந்தப் பெரியவரிடம். அடுத்தது உங்களிடம்.

நீங்கள் உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் செய்த விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு நின்றிருந்தாராம். "டிரான்ஸ்பர்னு வான்மதி சொன்னா, ரொம்ப சந்தோசமுங்க மாப்பிள்ள" என்றீர்களாம். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் ஆமாங்க அத்தை என்றாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "உங்கம்மா கங்கிராட்ஸ் சொன்னாங்க. எனக்கு எந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர்னு எனக்கே இன்னும் தெரியல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஷூவைக் கழற்றி முடிக்கிற வரை நிமிரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒன்றரை வருஷம் என்றேன். "நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு நினைச்சியா வான்மதி?" என்றார். நீங்க சரின்னு சொல்லிடுவீங்கன்னுதான் பயமா இருந்தது என்று பதில் சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் எதற்கும் சரி என்பவர். சமையல் நன்றாக இருந்தாலும் சரி, உப்பில்லாவிட்டாலும் சரி. நான் வேறு ஊரில் இருக்கப்போகிறேன் என்பதற்கும் அதே குரலில் சரி என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் மறைத்தேன்.

சரி என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது போனைப் பார்த்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ட்ரெயின் இருக்கு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேலதான் ஆகும் என்றார். நான் இங்கே வருவதற்கா, அவர் அங்கே வருவதற்கா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு ஜூன் ஒன்றாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். நேற்றுக் காலை அவர் ஆபீஸ் போன பிறகு சொல்லிவிட்டேன். ஆகவே இது உங்கள் அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. அது எனக்கே வருத்தமாக இருக்கிறது. மாப்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாளே, ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. இந்த வீட்டில் இருவரும் இருந்தே தனியாகத்தான் இருக்கிறோம் என்று சொன்னால் உங்களைப் பயமுறுத்துவேன். சண்டை ஒன்றும் இல்லை அம்மா. அவர் நல்லவர்.

எழுதும்போது உங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேட்டூர், தர்மபுரி, ஈரோடு என்று ஆர்டர் வரும்போதெல்லாம் அதில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கும். நீங்கள் அக்கம்பக்கத்தில் "நமக்கு டிரான்ஸ்பர்" என்று சொல்வீர்கள். மேட்டூரில் நீங்கள் தபாலில் பி.ஏ. படித்ததும், நாம் தர்மபுரிக்குப் போய் ஒரு மாதம் கழித்து உங்கள் ஹால் டிக்கெட் பரீட்சை முடிந்த பிறகு பழைய விலாசம் சுற்றி வந்து சேர்ந்ததும் எனக்குத் தெரியும். பீரோவில் பார்த்திருக்கிறேன். அதில் உங்கள் பெயர் மட்டும் இருந்தது. கேட்டபோது, அப்புறம் நேரமில்ல கண்ணு என்று சொல்லி பீரோவைப் பூட்டினீர்கள். எந்த ஊரையும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டும் என்று சொல்லியும் கேட்டதில்லை.

நேற்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஆவணி இருபதாம் தேதி நல்ல நாள், புது வீட்டில் பால் காய்ச்ச ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கியாகிவிட்டது, கிழக்குப் பார்த்த வீடாகப் பாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தீர்கள். நான்கு முறை கேட்டேன். உடனே போன் செய்து எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்குக் கிடைக்கப்போவது வீடு இல்லை அம்மா, வேறு மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் ஓர் அறை. எந்தத் திசை என்று இன்னும் தெரியவில்லை. ஜோசியரிடம் மறுபடியும் போக வேண்டாம். ஒருத்தி தனியாகப் போகிற அறைக்கும் பால் காய்ச்சலாமா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். காய்ச்சலாம் என்றால் அன்றைக்கு அந்த நேரத்தில் போன் செய்யுங்கள். பொங்கி வரும்வரை பேசாமல் இருந்தாலும் போதும்.

உங்கள் வாக்குக்குக் காத்திருக்கும் மகள்,
வான்மதி