கூலி என்று எழுதிய பதினோரு வீடு

ஊரணிப்பட்டி,
திருமயம் வழி,
1-3-1961, புதன்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சொர்ணம் வணங்கி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் சுகம். பினாங்கில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறோம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. செவலைக் கிடாரி கன்று போட்டிருக்கிறது. காளைக் கன்று.

இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்திருந்தால் தயவுசெய்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க எங்கள் ஸ்கூல் ஆசிரியர்களைப் போட்டிருக்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நம் ஊருக்கு வேறொரு வாத்தியார் வந்தார். வீட்டில் உள்ளவர்கள் பெயரைக் கேட்டதும் ஆத்தா முதலில் உங்கள் பெயரைத்தான் சொன்னார். வெளிநாட்டில் இருப்பவர்களை எழுதக்கூடாது என்று அவர் சொல்ல, அப்படியானால் என் பெயரையும் எழுதாதே என்று ஆத்தா உள்ளே போய்விட்டார். நான்தான் சமாதானம் செய்து கூட்டிவந்தேன்.

எனக்குக் கொடுத்தது மூன்று மைல் தள்ளியிருக்கும் கீழக்குடியிருப்பு. அங்குள்ள வயலெல்லாம் உங்கள் கடைப் பெரிய முதலாளியுடையது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்க எனக்கு எவ்வளவு கூச்சம் என்பதும் உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று நின்றபோது முதலாளியின் கணக்குப்பிள்ளை ஏகாம்பரம் வந்தார். தானே கூட வந்து ஒவ்வொரு வீடாகக் காட்டுவதாகச் சொன்னார். எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. நான் செய்த தப்பு அதுதான், அண்ணா.

கணக்குச் சீட்டில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். சொந்த நிலமோ, குத்தகையோ, விளைச்சலில் பங்கு தரும் வாரமோ, தானே பொறுப்பேற்றுப் பயிர் செய்தால் அவர் பயிரிடுபவர். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தால் விவசாயக் கூலி. பதினோரு வீட்டிலும் கேட்டேன். பதினோரு வீட்டிலும் கூலி என்றார்கள். ஏகாம்பரம் என் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நானும் அப்படியே எழுதினேன். ஒரு வீட்டில் மட்டும் புருஷன், அவள் சும்மாதான் இருக்கிறாள் என்று பெண்டாட்டியைக் காட்டிச் சொன்னார். அந்த அம்மாள் உள்ளேயிருந்து, "அப்ப நாளையிலருந்து சும்மா இருந்து பாக்கட்டுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஏகாம்பரமும் சிரித்தார்.

இருபதாம் தேதி, விட்டுப்போன ஒரு கைக்குழந்தையின் பெயரைக் கேட்க மறுபடி போனேன். வீடுகளில் யாரும் இல்லை; எல்லோரும் களத்தில். அங்கே இருளாயி என்ற பெண்ணின் நெல்லை அளக்க இருந்தார்கள். புருஷன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது, இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு அவளே உழுகிறாள். நெல் அம்பாரத்தின் மேல், இரவில் யாரும் அள்ளாமலிருக்கச் சாணிக் கரைசலால் போட்ட குறி அப்படியே இருந்தது. ஏகாம்பரம் வந்து பார்த்து, குறி கலையவில்லை என்று தலையாட்டிய பிறகே மரக்காலை எடுத்தார்கள். ஒரு மரக்கால் இந்தப் பக்கம், ஒரு மரக்கால் அந்தப் பக்கம். முதலாளிக்கு ஒரு குவியல், இருளாயிக்கு ஒரு குவியல். ஏகாம்பரம் என்னைப் பார்த்ததும் வேப்பமர நிழலில் உட்காரச் சொல்லி இளநீர் வெட்டித் தந்தார். இளநீரை அப்படியே கீழே வைத்தேன். கூலிக்காரிக்கு யாராவது பாதிப் பங்கு அளப்பார்களா? வாரத்துக்குப் பயிர் செய்கிற பதினோரு குடும்பத்தையும் நான் கூலி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. வாரக்குடிகளைச் சும்மா வெளியேற்ற முடியாதபடி சட்டம் இருக்கிறது. இனி நிலத்துக்கு உச்சவரம்பும் வருமாம். அதனால் முதலாளிக்கு, அங்கே குடிகளே இல்லை, எல்லாம் கூலி வைத்துச் செய்கிற பண்ணை என்று இருக்க வேண்டும். ஜனத்தொகைக் கணக்கில் எழுதுவது ரகசியம், கோர்ட்டில் காட்ட முடியாது. அது ஏகாம்பரத்துக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினோரு குடும்பமும் சர்க்கார் ஆள் முன்னால் தங்கள் வாயாலேயே கூலி என்று சொல்லிவிட்டால், அப்புறம் எந்த ஆபீசில் போய் மாற்றிச் சொல்லத் துணிவார்கள்?

போன சனிக்கிழமை, எங்களுக்கு மேல் சூப்பர்வைசராக இருக்கும் சவரியப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். நான் கண்ணால் பார்த்ததை வைத்து மாற்றக்கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும் என்றார். போய்த் திரும்பக் கேள், வேறு பதில் சொன்னால் பழையதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடு என்றார்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். இருளாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்ன வேலை என்று நான் மறுபடி கேட்டதும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அன்னைக்கு அவுக பக்கத்துல நிக்கையில நான் வேற என்னத்தச் சொல்ல முடியும் டீச்சரம்மா? இன்னைக்கு ஒத்தையில வந்திருக்கீக. எழுதிக்கிருங்க. வாரத்துக்கு உழுகுறேன். அவுகளுக்குப் பாதி, எனக்குப் பாதி."

இது ரகசியம், எந்தக் கோர்ட்டிலும் காட்ட மாட்டார்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். "ஏகாம்பரத்துக்குக் கோர்ட்டு எதுக்கு?" என்றாள். அப்படியும் அவள் சொன்னதை மாற்றவில்லை. அவள் சொன்னாள் என்று தெரிந்து இன்னும் எட்டு வீட்டில் சொன்னார்கள். இரண்டு வீட்டில் மட்டும் கூலி என்றே இருக்கட்டும் என்று கும்பிட்டார்கள். அந்த இரண்டையும் நான் தொடவில்லை. ஒன்பதைப் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனது எப்படியோ தெரிந்து, நேற்று ஏகாம்பரம் ஸ்கூலுக்கே வந்துவிட்டார். வகுப்பு வாசலில் நின்று, அங்கே நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பினாங்கு வேலையெல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"வர்ற வெள்ளிக்கெழமை முதலாளி பினாங்குக் கடைக்குக் கடுதாசி போடுறாக. ஒன் அண்ணன் செல்லமுத்தப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதச் சொல்லலாம்னு இருக்கேன். நீ என்னத்தா சொல்ற?"

பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர், யோசித்துக்கொள் என்று போய்விட்டார்.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பென்சிலை ரப்பரால் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சவரியப்பன் சார் வீடு வீடாகப் போய்ப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் பதினெட்டு வயதில் கப்பல் ஏறியதால்தான் நான் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். உங்கள் வேலையைப் பணயம் வைத்து நான் அந்த ஒன்பது வீட்டுக்கும் நல்லவளாக இருப்பது என்ன நியாயம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். ஆனால் இருளாயி தெருவைப் பார்த்துவிட்டுச் சொன்ன அந்தச் சொல்லை என் கையால் அழிக்கவும் முடியவில்லை.

இன்று மத்தியானம் ஸ்கூல் லீவு. ஒன்பது வீட்டுச் சீட்டிலும் கோடு போட்டு அடித்து, மையால் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். மை காய்ந்ததும் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கடிதம் போய்ப் பதில் வர நாளில்லை என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் நான் அழித்திருப்பேன்.

நாளைக் காலைத் தபாலில் இதைச் சேர்த்துவிடுவேன். அவர்கள் கடிதம் அதற்கு மறுநாள்தான் கிளம்பும். அவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் கூப்பிட்டுக் கேட்டால், உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, தங்கை தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டாள் என்று சொல்லுங்கள். என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ அவர்கள் முன்னாலேயே திட்டுங்கள். ஒருவேளை வேலையை விட்டு நிறுத்திவிட்டால், அங்கேயே நின்று அலைய வேண்டாம். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிடுங்கள். நான் துறைமுகத்துக்கு வருகிறேன். எனக்குத் தனியாக வரத் தெரியும்.

ஆத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆவணியில் நீங்கள் லீவில் வருவீர்கள் என்று பொன்னமராவதிப் பக்கம் பெண் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இன்று காலை கூட, பெண்ணுக்குப் பாட வராவிட்டால் பரவாயில்லையா என்று உங்களுக்கு எழுதிக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

கணக்குச் சீட்டுப் புத்தகத்தைத் திங்கட்கிழமை திருமயத்தில் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு அதைத் தொட என்னால் முடியாது.

தெய்வம் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள், அண்ணா. ஒரு வரியானாலும் போதும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
சொர்ணம்