லான் சொன்ன ‘யா’

நேற்றிலிருந்து என் மேசைமேல் ஒரு கட்டு மூங்கில் குச்சி கிடக்கிறது. மசாலா ஏறாத வெறும் ஊதுபத்திக் குச்சி. பிரித்தால் ஈரமரத்தின் வாசனை வருகிறது. வியட்நாமிலிருந்து நமக்குக் குச்சி அனுப்புகிற லான், உன்னிடம் கொடுப்பதற்காகக் கையோடு கொண்டுவந்தது. மெல்லிசாக, உருண்டையாக, அன்றைக்கு நாம் கேட்ட அதே கனம். நீ செத்துப்போய் ஒன்றரை வருடமாகிறது என்று நேற்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆபீசில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும்தான்.

நேற்று இங்கே ஓட்டலில் இரண்டு நாட்டு வியாபாரிகளும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். மேசைக்கு மேசை இரண்டு குட்டிக் கொடிகள். நம் முதலாளி மேடையேறி, நட்பு, நம்பிக்கை என்றெல்லாம் ஆரம்பித்தார். பிறகு ஒரு கதை சொன்னார். “இவர்கள் ‘யா’ என்றால் ஆமாம் என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம். அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வியாபாரமே புரிந்தது” என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது உன் வாக்கியம். எந்த வாக்கியத்துக்காக உன்னை வாயை மூடச் சொன்னாரோ, அதே வாக்கியம்.

உனக்கு நினைவிருக்கும், லானோடு முதல் வீடியோ கால். திரையில் உன்னைப் பார்த்ததும் அவள் சிரித்துக்கொண்டே ‘ச்சி’ என்றாள். கால் முடிந்ததும் நீ குதித்தாய். “பாருடி அவ திமிர. மூஞ்சியப் பாத்து ச்சீங்கறா.” இரண்டு நாள் கழித்து, அவர்கள் பேச்சில் அது அக்கா என்று கண்டுபிடித்துவிட்டு, நாள் பூராவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் நானும் உன்னை ‘ச்சி’ என்றுதான் கூப்பிட்டேன். தேவராஜ மொஹல்லாவின் அந்த இருட்டு மாடி ஆபீசில் உட்கார்ந்து, பழைய டைரி ஒன்றில் அவர்கள் சொற்களைத் தமிழில் எழுதிவைத்தாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. பேசுகிறவளின் பேச்சு புரியவேண்டும் என்று நீயாகச் செய்தாய்.

ஊதுபத்தி உருட்டுகிற நம் நஞ்சன்கூடு ஷெட்டுக்குப் புது மெஷின்கள் வந்தன. பழைய தடிமன் குச்சி அவற்றில் ஓடாது, மெல்லிசு வேண்டும். முதலாளி வீடியோவில் தன் இங்கிலீஷில் வேகமாக அடுக்கிக்கொண்டே போனார். லான் ஒவ்வொன்றுக்கும் ‘யா, யா’ என்றாள். போனை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்றார். நீதான், “சார், அது ‘எஸ்’ இல்ல. நம்ம ‘ம்’ மாதிரி. கேட்டுக்கிட்டேங்கறா, அவ்வளவுதான். எழுதி வாங்கிக்கலாம்” என்றாய்.

“‘யா’ அந்தளல்லா, இன்னேனு பேக்கு?” யா என்று சொல்லிவிட்டாளே, இன்னும் என்ன வேண்டும் என்று கன்னடத்தில் சிடுசிடுத்தார். “நீங்க மொழி கத்துக்கொடுக்க வேண்டாம், ஃபைலப் பாருங்க.”

கன்டெய்னர் வந்தது. முழுக்கப் பழைய தடிமன். மெஷின் வாயில் குச்சி சிக்கிச் சிக்கி, ஷெட் வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. பழியை யாராவது ஒருவர் தலையில் போட வேண்டுமே. பேசியது நீ, கவனிக்காதது நீ என்றார். உன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒரு கடிதம் தயாரானது. அதை டைப் அடித்தது நான். ஒவ்வொரு எழுத்தும் பொய் என்று தெரிந்தே அடித்தேன். ஒற்றுப்பிழை வந்த இடத்தைத் திருத்திக்கூடக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் என் விரல்மேலேயே வெறுப்பு வருகிறது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் கையெழுத்துப் போட்டாய்? “ஆயித்து பிடுடி, ஆனது ஆச்சு விடு. மக நர்சிங் முடிக்கட்டும். இப்ப வேலைய விட்டுட்டு எங்க போவேன்?” என்றாய். உன்னை இறக்குமதி மேசையிலிருந்து எடுத்து நஞ்சன்கூடு ஷெட்டில் குச்சி பொறுக்க நிறுத்தினார்கள். தினமும் பஸ் பிடித்துப் போய், நாளெல்லாம் நின்றுகொண்டு, கோணல் குச்சியை ஒதுக்கினாய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து பார்க்கும்போது உள்ளங்கையில் மூங்கில் சிலாம்பு ஏறியிருக்கும். பிறகு நோய் வந்தது. அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் கவனமில்லாதவள் என்ற பெயரோடு நீ போனாய். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நேற்று இடைவேளையில் லான் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் இந்தக் கட்டு. “ச்சி?” என்று மட்டும் கேட்டாள். கண் நாலாபக்கமும் உன்னைத் தேடியது. சொன்னேன். நோய், ஷெட், கடிதம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லித் தீர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் மெதுவாக ‘யா’ என்றாள். பழைய தடிமன்தான் கைவசம் இருக்கிறது, மெல்லிசுக்கு நாளாகும் என்று அன்றே செய்தி அனுப்பினாளாம். முதலாளியின் போனுக்கு. பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறியும் விழுந்ததாம். போனைத் திறந்து காட்டினாள். இருந்தது.

இன்று காலை முதலாளி என் மேசைக்கு வந்தார். வியாபாரிகள் சங்க மலருக்கு அந்த ‘யா’ கதை வேண்டுமாம். “நேத்து நான் சொன்னத அப்படியே டைப் பண்ணி நீங்களே அனுப்பிடுங்க” என்றார். நிமிர்ந்து பார்த்து, “யா, சார்” என்றேன். அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

ஆபீசில் நீ விட்டுப்போன அந்த டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடித்தேன். யார் சொன்னது, யார் கேட்கவில்லை, செய்தி யார் போனில் இருந்தது, யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள், அந்தக் கடிதத்தை அடித்தது யார் என்று எல்லாம். உன் முழுப்பெயரைப் போட்டேன், கீழே என் பெயரையும். அனுப்பியும் விட்டேன். அச்சிடுவார்களோ மாட்டார்களோ, எப்படியும் அவர் காதுக்குப் போகும். என்னைக் கூப்பிட்டு வைத்துக் கத்துவார். அன்றைக்குச் சரி என்று சொன்னீர்களே என்பார்.

நான் சரி என்று சொல்லவில்லை, ச்சி. ‘யா’ என்றுதான் சொன்னேன்.