ஒரே உயரம், ஒரே ஃப்ரேம்

ஞாயிறு

ஹேண்டில் எனக்கு எட்டவில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை பொழியூர் இறக்கத்தில் என் விரல் பிரேக்கைப் பிடிப்பதற்குள் சைக்கிள் ரோட்டோர மணலில் இறங்கி, நான் விழுந்தேன். முட்டியில் தோல் போய்விட்டது. பின்னால் வந்த கணவர் என்னைத் தூக்கிவிட்டு, "உனக்குப் பயமாக்கும். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

இரண்டு சைக்கிளையும் ஒரே நாளில்தான் வாங்கினோம். நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் என்னை ஏற்றி உட்காரவைத்துக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டுபேரும் ஒரே உயரமில்லியா? ஒரே ஃப்ரேம் மதி, அது போதும்" என்று கணவரிடம் சொல்லி முடித்துவிட்டார்.

மத்தியானம் அவரைச் சுவரோரம் நிறுத்தி, தையல் டேப்பால் இருவர் காலையும் அளந்தேன். என் கால் ஒன்றரை இஞ்ச் கூடுதல். அப்படியென்றால் இடுப்புக்கு மேலே நான் அந்த அளவு குட்டை. பிறகு சைக்கிளில் ஏறி உட்கார்ந்து காட்டினேன். முழங்கை மடங்கவே இல்லை. அவர் குனிந்து என் கையையும் ஹேண்டிலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"செரிதான். உனக்குச் சின்ன ஃப்ரேம் வேணும். நாளைக்குக் கடைக்கு நானும் வாறேன்."

"நீங்க எதுக்கு?"

"நீ தனியா சொன்னா அவன் கேக்கமாட்டான்."

அது உண்மை. முட்டிக் காயத்தைவிட அதுதான் எரிகிறது. நான் தனியாகத்தான் போவேன், கேட்கும்வரை கடையை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளை ஸ்கூலில் நான் பாடம் எடுக்க வேண்டும், லீவு சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.