சிட்டு என்ற பெயர் யாருக்கு

மார்ச் 4

உயர்திரு நிறுவனர் அவர்களுக்கு,

தங்கள் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. 'சிட்டு' என்ற பெயர் தங்கள் கம்பெனிக்கு மட்டுமே உரியதாம். பதினைந்து நாளில் என் தையல் கடை போர்டை இறக்காவிட்டால் வழக்காம். பதிவுத் தபாலில் வந்ததால் பதிவுத் தபாலிலேயே பதில் எழுதுகிறேன். போனில் திட்டினால் சாட்சி இருக்காதே!

அடேய், உனக்கு மூளை இருக்கிறதா? இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் கடை திறந்தபோது உனக்கு ஆறு வயது. நம் அம்மா வேலைக்குப் போனதும் என் மெஷினுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, கூடு கட்டுகிற குருவி மாதிரி வெட்டுத் துண்டுகளையெல்லாம் கால்சட்டைப் பையில் திணிப்பாய். அதனால்தான் 'சிட்டு' என்று கூப்பிட்டேன். கடைக்கும் அதையே வைத்தேன். நீ குழந்தைகளுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஆப் தொடங்கி அதே பெயரை வைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இன்று தபால்காரர் முன்னாலேயே கவரைப் பிரித்துத் தொலைத்தேன். அவரும் எட்டிப் படித்துவிட்டார். மானம் போச்சு.

கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் பெரியம்மா கேட்கிறார், "ஏம்மா, நம்ம கடைய மூடிடுவாங்களா?" அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். கோபமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரதிவாதி


மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்தால்தான் பணம் போடுவேன் என்று முதலீட்டாளர் சொன்னார். அதே பெயரில் தொழில் செய்பவர்களின் பட்டியலை வக்கீல் கொண்டுவந்தார். நாற்பத்தொரு விலாசம். படிக்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினேழாவது வரியில் நீ இருக்கிறாய். உனக்கு மேலே ஒரு கோழித் தீவனக் கடை.

உனக்கு வந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றாயிற்று. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. வக்கீல் சொல்கிறார், "உங்க அக்கா உங்களுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பேர்ல தொழில் பண்றாங்க. பதிவு பண்ணலைன்னாலும் அவங்க பக்கம்தான் பலம்." நீ நினைத்தால் என் பதிவையே தடுக்கலாமாம். அதனால் முதலீட்டாளர் ஒரு தாள் கேட்கிறார். கம்பெனியின் அனுமதியின் பேரில்தான் நீ அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறாய் என்று கையெழுத்து வேண்டுமாம். போர்டை யாரும் தொட மாட்டார்கள். வெறும் தாள்தான் அக்கா. இங்கே ஆறு பேர் இருந்த வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்திருக்கிறார்கள். அந்தப் பணம் வராவிட்டால் அடுத்த மாதம் கம்பெனி இல்லை.

உன் சிட்டு


மார்ச் 16

தம்பிக்கு,

நீ அனுப்பிய தாளை மூன்று முறை படித்தேன். மாடியில் குடியிருக்கும் வக்கீல் குமாஸ்தாவிடமும் காட்டினேன். 'அனுமதியின் பேரில்' என்றால் அனுமதியின் பேரில்தானாம், வேறு அர்த்தம் இல்லையாம். உனக்கு முதல் பள்ளிக்கூடச் சட்டை தைத்தவள் நான். உன் அனுமதியில் கடை நடத்தவா? கை வரவில்லை, போ.

அதற்காக உன் பிழைப்பில் மண்ணைப் போடவும் என்னால் முடியாது. குமாஸ்தாவிடம் வேறு தாள் எழுதச் சொன்னேன். பெயரை முழுசாக உனக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இத்துடன் இருக்கிறது. இரவல் பெயரில் இருப்பதைவிடப் பெயரே இல்லாமல் இருந்துவிடலாம்.

நேற்று போர்டை இறக்கினேன். அது இருந்த இடத்தில் மட்டும் சுவரில் பழைய பச்சை பளிச்சென்று தெரிகிறது. பத்து வருட வாடிக்கை அம்மாள் ஒருத்தி கடையைத் தாண்டிப் போய், முழித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவளோடு சேர்ந்து சிரித்தேன். அப்புறம் அளவு பார்க்கும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நீ அனுப்பிய தாளை வக்கீலிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்துத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் கிழித்துப் போட்டேன்.

புதுத் தாள் அனுப்புகிறேன். இதில் பெயர் உன்னுடையது. உன் அனுமதியின் பேரில் என் கம்பெனி அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. நான்காவது பிரிவைப் படி. நான் வாலாட்டினால், முப்பது நாள் அவகாசம் கொடுத்து நீ அனுமதியை ரத்து செய்யலாம். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களே உங்க குடுமிய அவங்க கையில குடுக்கறீங்களே சார்!"

"அது எப்பவும் அங்கதான் சார் இருக்கு" என்றேன்.

முதலீட்டாளர் யோசிக்கிறார். அவர் பாட்டுக்கு யோசிக்கட்டும். நீ போர்டை மாட்டு. ஏணியில் நீயே ஏறிவிடாதே, போன தடவை விழுந்தது போதும்.

சிட்டு


மார்ச் 29

என் சிட்டுக்கு,

போர்டை மாட்டியாயிற்று. ஏணியில் நான் ஏறவில்லை, எதிர்க்கடைக்காரர் ஏறினார். கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்றேன். "போர்டு நேராத்தாம்மா இருக்கு, உன் கழுத்துதான் கோணல்" என்கிறார் பெரியம்மா.

'யோசிக்கிறார்' என்று நீ எழுதியது எனக்கு நெருடியது. உன் வக்கீலுக்கே போன் போட்டேன். "பேர் உங்களோடதா இருக்கறதுக்குக்கூட அவர் ஒத்துக்கிட்டார், ஆனா நாலாவது பிரிவு இருக்கற வரைக்கும் பணம் போட மாட்டாரும்மா. நீங்க என்னைக்காவது கோவத்துல பேரைப் பிடுங்கிட்டா என்ன பண்றதுன்னு பயப்படறார்" என்றார். இதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? கழுதை.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்காவது பிரிவை மட்டும் ஸ்கேல் வைத்துக் குறுக்கே அடித்துவிட்டேன். பக்கத்தில் என் கையெழுத்தும் குமாஸ்தாவின் சாட்சிக் கையெழுத்தும் இருக்கின்றன. நீயும் அங்கே ஒன்று போட்டுவிட்டால் செல்லுமாம்.

பெயர் என்னுடையது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அக்கா